பரேலில் பால் கறக்கிறார்கள்

கேள்வி: குரோமட்டோகிராபி கலர் பிரிக்கிற வித்தைதானே, அதனால் நமக்கு என்ன லாபம்?
– வாசகர், செம்பூர்

பதில்: சுண்ணாம்புத்தூள் அடைத்த குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, பச்சையும் மஞ்சளுமாக ரஷ்ய விஞ்ஞானி மிகைல் ஸ்வெட் பிரித்தபோது கலர் வித்தைதான். இன்று அது உயிர் காக்கிறது. உங்கள் பக்கத்து டிராம்பே அணுசக்தித் துறையினர் 1963-ல் மும்பை பரேலில் தொடங்கிய கதிரியக்க மருத்துவ மையம் போன்ற இடங்களில், எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் வேண்டும். 6 மணி நேரத்தில் பாதி கரைந்துவிடும் சரக்கு, வாங்கி அடுக்க முடியாது. அங்கேயும் அதே குழாய் வித்தைதான்: அலுமினா அடைத்த குழாயில் அதைப் பெற்றெடுக்கும் தாய் மாலிப்டினம் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புநீர் விட்டால் தாய் அசையாது, பிள்ளை டெக்னீசியம் மட்டும் இறங்கிவரும். கதிரியக்க மருத்துவத்தில் இந்தக் குழாய்க்குச் செல்லப்பெயரே ‘பசு’! தினமும் கறக்கலாம், வைக்கோல் செலவில்லை. டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் தயங்காமல் போங்கள்.