தேடியது ஒன்று, கிடைத்தது சர்க்கரை மாத்திரை

டிபனுக்குப் பின்னால் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னால் ஒன்று என்று மெட்ஃபார்மின் விழுங்குகிறீர்களே, அதைக் கண்டுபிடித்தவர் சர்க்கரை நோயை ஒழிக்கக் கங்கணம் கட்டிக்கொண்ட மகான் என்று நினைத்திருந்தால், ஸாரி. 1922இல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இரண்டு கெமிஸ்ட்ரிக்காரர்கள் அதைத் தயாரித்தார்கள். பேப்பர் எழுதினார்கள். போய்விட்டார்கள். சர்க்கரை நோயாளி என்ற ஜீவன் அவர்கள் நினைப்பிலேயே இல்லை!

1929இல் ஜெர்மனியில் யாரோ முயலுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை சரசரவென்று இறங்கியது. அப்புறம்? அப்புறம் என்ன, இன்சுலின் வந்த ஜோரில் முயலின் சாட்சியத்தை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிலிப்பைன்ஸில் கார்சியா என்ற டாக்டர் அதே சரக்கை ஃப்ளூவுக்குக் கொடுத்தார். கடைசியில் 1957இல் பாரிஸ் டாக்டர் ழான் ஸ்டெர்ன்தான், "ஐயா, இது சர்க்கரைக்கு" என்கிற மாதிரி அதை நோயாளிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். முயல் சொல்லி இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

பெர்லின் கதை இன்னும் தமாஷ். 1950களில் கார்புட்டமைடு என்ற மருந்தைக் கிருமிக்கொல்லி என்று நம்பி டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஃபுக்ஸ் என்ற டாக்டர், வீரம் பொங்க, தானே போட்டுப் பார்த்தார். கை நடுங்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. அகோரப் பசி! கிருமி பாட்டுக்குக் கிருமி இருக்க, டாக்டருக்கு லோ சுகர். கணையத்தைத் தட்டியெழுப்பி இன்சுலின் சுரக்கவைக்கிற சாமர்த்தியம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு. இன்றைய கிளிமிபிரைடு மாத்திரை அதன் வாரிசுதான். போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து பாருங்கள், ஃபுக்ஸ் பட்ட பாடு புரியும். (வேண்டாம், நான் சொன்னதை நம்பிவிடுங்கள்.)

மெட்ஃபார்மின் விஷயத்தில் அமெரிக்கா மட்டும் உஷார் பார்ட்டி. மெட்ஃபார்மினின் அண்ணன் ஃபென்ஃபார்மினை அங்கே ஜாம்ஜாமென்று விற்றார்கள். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிச் சிலர் உயிரே போனதும் 1970களில் துரத்தினார்கள். அண்ணன் செய்த வினைக்குத் தம்பி வாசலிலேயே நின்றான், 1994 கடைசி வரைக்கும்.

இதில் வேடிக்கை, ரசாயன உறவுமுறையில் இவர்களுக்குப் பாட்டன் முறையான கலேகா என்ற ஐரோப்பியச் செடியை 1891இலேயே யூட்டாவில் மாட்டுத் தீவனம் என்று ஆசையாக நட்டிருந்தார்கள். அது கால்நடைக்கு விஷம் என்று தெரிவதற்குள் வயல் வயலாகப் பரவிவிட்டது. பேரனுக்கு விசா கொடுத்த அமெரிக்க அரசாங்கம், பாட்டனை இன்னமும் தீங்குக் களைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.