தள்ளுமுள்ளுக்குச் சம்பளம்

ரக்பி ஆடியே பிழைச்சுக்குவேங்கியாலே பேராண்டி? பேஷாப் போ. உங்க அப்பன் கம்ப்யூட்டரைத் தட்டிச் சம்பாதிக்கான், நீ ஆளைத் தட்டிச் சம்பாதி. ஆனா முன்னால ஓடிக்கிட்டே பந்தைப் பின்னாலதான் எறியணுமாமே! அந்த விதியை எழுதுன மகராசன் எங்கிட்டாவது கவர்மெண்டு ஆபீசுல இருந்திருப்பான்.

ஜோனா லோமு மாதிரி வருவேங்கே. வா, யாரு வேண்டாங்கா? டோங்காக்காரங்க பெத்த பிள்ளை, நியூசிலாந்துல பிறந்தவன். ஆறடி அஞ்சங்குலம், 120 கிலோ. நீ ஈரத் துணியோட ஏறி நின்னாலும் அதுல பாதிதான் வருவே. 19 வயசுல ஆல் பிளாக்ஸ், அதான் நியூசிலாந்து அணி, சட்டையை மாட்டுனான். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில, கேப்டவுன்ல, இங்கிலாந்தோட மைக் கேட் குறுக்க வந்தாரு. இவன் சுத்திப் போகலை. அவரு மேலயே ஏறி மிதிச்சுப் போயி, எதிராளி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில வச்சான், அதுக்குப் பேருதான் டிரை. அன்னைக்கு மட்டும் நாலு டிரை!

அதுக்கு எவ்வளவு சம்பளம்னு கேளேன். அன்னைக்கு லோமு ஆடுன ரக்பி யூனியன்ங்கிற வகையில சம்பளமே கிடையாதுலே! காசு வாங்குனா ஒதுக்கி வச்சிருவாங்க. 1895-லேயே வடக்கு இங்கிலாந்துச் சுரங்கத்துலயும் மில்லுலயும் பாடுபட்டவங்க, "ஆடப் போற நாளுக்குக் கூலி போகுதே, அதையாவது குடுங்க"ன்னு கேட்டுப் பார்த்தாங்க. குடுக்க மாட்டோம்னுட்டாங்க துரைமாரு. கூலி கேட்டவங்க பிரிஞ்சு போயி ஆடுனதுதான் ரக்பி லீக். யூனியன்காரங்களுக்குப் புத்தி வர நூறு வருசம் ஆச்சு. 1995 ஆகஸ்டுல பாரிசுல கூடி, சரி, வாங்கித் தொலைங்கன்னாங்க.

அந்த வருசக் கடைசியிலேயே லோமுவுக்குக் கிட்னி கோளாறுன்னு தெரிஞ்சு போச்சு. ஆட்டம் குடுத்த நோய் இல்லை அது. நோயோடயே 1999 உலகக் கோப்பையில எட்டு டிரை வச்சான் பாரு, அவன் ஆம்பளை. 27 வயசுல நாட்டுக்காக ஆடுறது முடிஞ்சுது. 2004-ல மாத்துக் கிட்னி வச்சாங்க. அப்பவாவது வீட்டுல கிடந்தானா? கார்டிஃப்ல போயி ஆடுனான்! 2015-ல, 40 வயசுல போய்ச் சேர்ந்துட்டான்.

சீக்கு இல்லாட்டாலும் சும்மா விடாது. ரெண்டு கூட்டமும் முட்டித் தள்ளுற ஸ்க்ரம்ல தலையைக் குடுத்துத் தள்ளித் தள்ளி, காது குழிப்பணியாரமா வீங்கிரும். வீங்கட்டும், உனக்குக் காது எதுக்கு? சொன்ன பேச்சைக் கேக்கவா போறே? தலைக்குள்ள ஆகுறதுதான் பொல்லாதது. ஸ்டீவ் தாம்சன், 2003-ல இங்கிலாந்து உலகக் கோப்பை ஜெயிச்சப்போ முன்வரிசையில நின்னவரு. 42 வயசுல மறதி நோய். ஜெயிச்சதே ஞாபகம் இல்லைங்காரு.

கிளப்பு காப்பாத்தும்னு நினைக்காதலே. வாஸ்ப்ஸ் 1867-ல தொடங்குன இங்கிலாந்துக் கிளப்பு. ஐரோப்பாக் கோப்பையையே ரெண்டு தடவை தூக்குன கூட்டம். 2022 அக்டோபர்ல கடன் கழுத்தை நெரிச்சதும், ஆட்டக்காரங்க, வேலைக்காரங்கன்னு 167 பேரை ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

போறவன் போ. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி, கால் ஒடிஞ்சு கிடந்தா எத்தனை மாசம் சம்பளம்னு எழுதியிருக்கிற பக்கத்தை மட்டும் எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுப் போ.