பொருள்: விதியை மீற அனுமதி கோருதல் – தொடர்பாக

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பார்வை: 1. வீடு கட்ட அனுமதி கேட்டு இணையவழியில் நான் அனுப்பிய விண்ணப்பம். 2. அதைத் திருப்பிய தங்கள் குறிப்புகள். 3. அக்குறிப்புகளுக்கு நான் எழுதிய பதில்களைத் திருப்பிய தங்கள் குறிப்புகள்.

ஐயா,

ஆறு சென்ட் மனையில் மாடி வீடு கட்டப் பிளான் அப்ரூவல் கேட்டவன் நான். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, காலிமனை வரி ரசீது எல்லாவற்றையும் ஒன்றாகவே பதிவேற்றினேன். வில்லங்கச் சான்று தெளிவாக இல்லை என்றீர்கள், தெளிவாக்கினேன். பிறகு, வரைபடத்தில் மழைநீர் சேகரிப்புக் குழி இல்லை என்றீர்கள். இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினேன். அடுத்து, வடக்கு காட்டும் அம்புக்குறி. மொத்தக் குறையையும் ஒரே தாளில் எழுதினால் என்ன என்று என் மனைவி கேட்கிறார். நிர்வாகம் தெரியாதவர். எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிட்டால் அடுத்த மாதம் கோப்புக்கு என்ன வேலை?

"எல்லாம் ஆன்லைன் சார், நேர்ல வரவே வேணாம்" என்று கவுன்ட்டரில் நேரில் சொன்னார்கள். "ஆனா பார்ட்டி ஒருதடவ வந்து பாத்துட்டுப் போனா நல்லது" என்றும் சொன்னார்கள்.

தெற்கு மனைக்காரர் எனக்குப் பிறகுதான் பூமி பூஜை போட்டார். அப்ரூவல் ஆயிடுச்சா என்றேன். "கட்டிட்டுப் பாத்துக்கலாம்ணே" என்றார். மூன்று மாடி எழும்பிவிட்டது. பக்கவாட்டில் அவர் விட்டிருக்க வேண்டிய இடைவெளி என் மனையில் பத்திரமாக இருக்கிறது; அவர் வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் அங்கிருந்துதான். தங்கள் நகரமைப்பு ஆய்வாளர் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. விண்ணப்பமே இல்லாதபோது எதை ஆய்வது? என் மனைக்கு வந்தார். செங்கல்கூட வைக்காத இடம் விதிப்படி இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்தார். விதியே வேண்டாம் என்பவனல்ல நான். தீயணைப்பு வண்டி நுழைய இடம் வேண்டும்தான். அந்த டேப் சுவருக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்கலாம், அவ்வளவே.

2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தபோது மகிழ்ந்தேன். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், யாரும் வந்து பார்க்காமலேயே உடனடி அனுமதி. ஆறு சென்ட் என்பது 2,613 சதுர அடி. 113 கூடுதல்!

எண்ணைப் பார்த்ததும் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தைப் புரட்டினேன். அதிலும் 113 அதிர்ஷ்ட எண். விதிவிலக்கு அளிக்கும் பிரிவு. அதன் வாரிசான 113-ஏ, சென்னையில் 1999 பிப்ரவரி வரை மீறிக் கட்டியவர்களை வரன்முறைப்படுத்தியது. ஒரேயொரு முறைதான் என்றார்கள். பிறகு கெடு நீண்டது, மறுபடியும் நீண்டது. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அடுத்து 113-சி பிறந்தது, 2007 ஜூலை 1 வரை கட்டியவர்களுக்காக. கட்டடங்களுக்கு மட்டும்தானா என்று மனைகள் ஏங்கக் கூடாதல்லவா? 2016 அக்டோபர் 20 வரை பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2017இல் தனித் திட்டம். மீறியவர்கள்மீது அரசு காட்டும் இந்தப் பொறுமையில் ஒரு துளி, கேட்டுவிட்டு நிற்பவன் பக்கம் சிந்தியதாகத் தெரியவில்லை.

எனவே, என் விண்ணப்பத்தை ரத்து செய்து, என்னை விதிமீறலாளராகப் பதிவு செய்துகொள்ளப் பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்து வரப்போகும் வரன்முறைத் திட்டத்தின் கட்டணத்தை முன்பணமாகவே செலுத்தத் தயார். கெடு எந்தத் தேதி என்று மட்டும் தெரிவித்தால் அதற்கு முதல்நாள் தளம் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
மனை உரிமையாளர்.

இணைப்பு: ஏதுமில்லை. (மீறலுக்கு இணைப்பு தேவையில்லை எனக் கேள்வி.)

நகல்: தெற்கு மனைக்காரர் – தகவலுக்கும் வழிகாட்டுதலுக்கும்.