எல்லைப்புறப் பந்து சமர்ப்பண விசாரம்

கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவோர் யாவரும் கூடையையே வியந்து, அதற்குள் பந்தைச் செலுத்துகிறவனையே புகழ்ந்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விட்ட பந்தை மீட்டு வந்து உரியவன் கையில் ஒப்படைக்கும் நடுவருடைய கிரியையை ஒரு பொருட்டாகவே மதியாமற் சென்றுவிட்டமையால், ஆட்டத்தின் வேதாந்தப் பகுதி முழுவதும் இதுகாறும் அறிஞர் கண்ணில் படாமலே கிடந்தது. எண்ணூரில் ஆலைக் குடியிருப்பை ஒட்டிய சிமெண்டுத் தரையில், ஷிப்டு முடித்து வந்தவர்களும் ஷிப்டுக்குப் போகவேண்டியவர்களுமாகக் கூடி ஆடும் மாலை ஆட்டங்களைப் பிரத்தியட்சப் பிரமாணமாகக் கொண்டு அக்குறையைப் போக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பூர்வ சரித்திரம் சிறிது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்துக்கு வகுத்த பதின்மூன்று விதிகளின்படி, வெளியே போன பந்து முதலில் அதைத் தொட்டவனுக்கே சொந்தமாதலால், ஆட்டக்காரர்கள் அதன் பின்னே விழுந்தடித்து ஓடினார்கள். தகராறு மூண்டால் நடுவரே அதைக் களத்துக்குள் எறிந்துவிடவேண்டும். கடைசியாகத் தொட்டவனின் எதிர்க்கட்சிக்கே பந்து என்னும் தருமம் பிற்காலத்தது. ஆயின் எறிபவனுக்கு ஐந்து விநாடி என்ற அவகாசம் மாத்திரம் அன்று தொட்டு இன்றளவும் அசையவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினாராதலின், அக்கல்லூரி உள்ள நந்தனம் வரையில் குருபரம்பரை அறுபடவில்லை. நந்தனத்திலிருந்து எண்ணூர் வந்து சேர்வதற்குள் அதற்கு நேர்ந்தது யாது என்பதே நம் விசாரணைக்குரியது.

நடுவர் ஊதிய மாத்திரத்தில் பந்து செத்துவிடுகிறது என்பது விதிநூலின் சித்தாந்தம். செத்த பந்தை உருட்டலாம், அக்குளில் இடுக்கலாம், ஒட்டிய மணலைச் சட்டையில் துடைக்கலாம், தோஷமில்லை. எறிபவன் வசம் அது சேர்ந்த கணத்தில் மறுபடி உயிர் பெறுகிறது. ஆனால் கடிகாரமோ, உள்ளே நிற்கும் ஒருவன்மேல் அப்பந்து படும்வரை ஓடுவதில்லை. ஆகவே காலம் பிறவாத ஓர் இடைவெளியில் உயிர் மட்டும் தனித்து நிற்கிறது. நம் தரிசனங்கள் ஆறிலும் இதற்கு ஒப்பான நிலையை நான் கண்டதில்லை.

அவ்வுயிரை ஊட்டும் முறையில் இரு சம்பிரதாயங்கள் உண்டு. கையோடு கை கொடுப்பது ஒன்று. நான்கு மீட்டருக்கு மேற்படாத தூரத்திலிருந்து எறிந்தோ தரையில் தட்டியோ அனுப்புவது மற்றொன்று. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் சென்று சேர்ப்பது போன்ற தென்கலை நியாயம் முன்னது. குட்டிக்குரங்கு தானே பற்றிக்கொள்ளவேண்டிய வடகலை நியாயம் பின்னது. எண்ணூர்க் களத்தில் கடற்காற்று கொண்டுவந்து தூவும் பொடிமணலில் தட்டிய பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவதால், இங்கே அனுபவம் தென்கலையையே ஆதரிக்கிறது என்பது என் துணிபு.

கொடுக்குமுன் நடுவர் செய்யும் பூர்வாங்கமும் சாமானியமன்று. ‘சார், நம்ம பால் சார்’ என்று இரு கட்சியாரும் ஏககாலத்தில் கையேந்தி வர, குற்றம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகில், ஆனால் கூடைப்பலகைக்கு நேர்பின்னால் அல்லாத ஓரிடத்தைச் சுட்டிக்காட்டி, மேசையில் மாற்றாள் எவனேனும் காத்திருக்கிறானா என்று நோக்கி, ஆட்டக்காரர் பதின்மரும் தமக்கும் சக நடுவருக்கும் இடையே அடங்கி நிற்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு, அதன்பின்னரே அவர் பந்தை நீட்டுகிறார். எறிபவன் பக்கவாட்டில் மொத்தம் ஒரு மீட்டர் நகரலாம். பின்னோக்கி எவ்வளவும் போகலாம். இச்சலுகை எண்ணூரில் பயன்படுவதில்லை. பின்னால் காம்பவுண்டு சுவர். சுவர்மேல் வரிசையாக இளைஞர்கள். அவர்கள் தொங்கவிட்ட கால்கள். கோட்டுக்கு வெளியே தடையில்லாத இடம் இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் மற்றவர் எறிபவனிடமிருந்து ஒரு மீட்டர் விலகி நிற்கவேண்டும் என்னும் விதி, தொங்கும் கால் தடையாகுமா ஆகாதா என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. ‘காலை மடக்குங்கப்பா’ என்று ஒரு நடுவர் வேண்டிக்கொண்டதும், அவர்கள் மடக்கியதும், அவர் திரும்பியவுடன் மீண்டும் தொங்கவிட்டதும் என் குறிப்பில் உள்ளன.

இனி அந்த ஐந்து விநாடி. கடிகாரம் உறங்குவதால் இக்காலத்துக்கு நடுவருடைய கையே ஆதாரம். உள்ளங்கையை அசைத்து அசைத்து அவர் எண்ணுகிறார். ஆலைச் சங்குக்கு எழுந்து, ஆலைச் சங்குக்கு உண்டு, கும்மிடிப்பூண்டி ரயிலின் நேரத்தைக் கொண்டு வீடு திரும்பும் ஜனங்கள், தனி மனிதன் ஒருவன் தன் கையசைவில் உண்டாக்கும் காலத்தை எளிதில் அங்கீகரிப்பதில்லை. எறிபவனின் கட்சியார் ‘ஒண்ணு’ என்பதற்குள் எதிர்க்கட்சியார் மூன்றைத் தாண்டிவிடுகிறார்கள். இவ்விரண்டு பஞ்சாங்கங்களுக்கும் நடுவே அவர் கையைச் சலிக்காமல் ஐந்தாம் முறை அசைத்து, விசில் ஊதி, ‘அஞ்சு ஆகல சார், வேகமா எண்ணிட்டீங்க’ என்று முறையிடுகிறவனிடமிருந்து இரண்டாம் முறை செத்த பந்தை வாங்கிக்கொண்டு, பதில் ஒன்றும் கூறாமல், எதிர்த்திசையைக் கையால் சுட்டுகிறார். அதற்குள் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் ‘குடுங்க சார்’ என்று கோட்டுக்கு வெளியே வந்து நின்றுவிடுகிறான்.