வெள்ளத்துக்கு மட்டும் குடியுரிமை

1876-இல் செய்ன் நதி கரைபுரண்டு போர்ட்-மார்லி ஊருக்குள் புகுந்தது. ஊர்க்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஓவியர் ஆல்ஃபிரட் சிஸ்லே வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீருக்குள் நிற்கும் ஒயின் கடை, பக்கத்தில் படகு, மேலே கலைந்தோடும் மேகம். நேற்றுவரை தெருவாக இருந்த இடத்தில் வானம் திட்டுத் திட்டாக மிதக்கிறது. ஒப்பாரி கிடையாது, ஈர வெளிச்சம் மட்டும்.

படம் 180 பிராங்குக்குப் போனது. வெள்ளம் வந்த ஆண்டுதான் ‘லெ ஃபிகாரோ’ நாளேடு சிஸ்லே சார்ந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் கூட்டத்தையே பைத்தியங்கள் என்று ஏசியிருந்தது. பைத்தியத்துக்கு 180 கொடுத்ததே பெரிய தர்மம் அல்லவா!

1899 ஜனவரியில் தொண்டைப் புற்றுநோய் சிஸ்லேயைக் கொண்டுபோனது. பிள்ளைகளுக்குப் பணம் திரட்ட அவருடைய தோழர் மோனே ஓவிய நண்பர்களிடம் படங்கள் வாங்கி ஏலம் விட வேண்டியிருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் அதே வெள்ளம் ஏலத்துக்கு வந்தது. விலை 43,000 பிராங்க்!

நடுவில் அந்தத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை, ஒரு மேகம் நகரவில்லை. கூடியது ஒரு பிணம். கலாரசிகப் பெருமக்களே, என்ன கூர்மையான கண் உங்களுக்கு! வாடகைக்கு முன்பணம் கேட்டு வாசலில் நிற்க மாட்டான் என்பது உறுதியான பிறகுதான் அவன் மேதை என்பது தெரிகிறது.

அரசாங்கத்தின் கூத்து இன்னும் அசல். பாரிஸில் பிறந்து, பிரான்சின் ஆற்றையும் பனியையும் வரைந்தே தேய்ந்த மனிதர். பெற்றோர் ஆங்கிலேயர், ஆகவே அந்நியர். 1898-இல் குடியுரிமை கேட்டார், இல்லை என்றார்கள். மறுபடி மனுப் போட்டார். காவல்துறை அறிக்கைகூடச் சாதகமாகத்தான் வந்தது. கோப்பு நகர்வதற்குள் ஆள் போய்விட்டார், பிரிட்டிஷ் பிரஜையாகவே. வெள்ளத்துக்கு இந்த அலைச்சல் இல்லை. அதை வாங்கிய கமோண்டோ பிரபு தம் சேகரிப்பை நாட்டுக்கு எழுதிவைத்தார். இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் அது பிரான்சின் பெருமையாகத் தொங்குகிறது. பெற்றோர் எந்த நாடு என்று அதனிடம் எவரும் கேட்கவில்லை.

விலை கொடுக்காமல் ரசித்தவர்களும் உண்டு. 1998-இல் சிஸ்லேயின் பாப்ளர் மரச்சாலை ஓவியம் நீஸ் நகர அருங்காட்சியகத்திலிருந்து களவு போனது. கூட்டாளியாகத் தண்டனை பெற்றவர் அந்த அருங்காட்சியகக் காப்பாளரேதான். பாவம், ரசீது போட்டு வாங்கத் தெரியாதவர்.