பத்துக்கு மூணு பொருத்தம்

சொந்தப் பெருமை பேசுகிறவனை எங்கள் சோமனூர்ப் பக்கம் யாரும் மதிப்பதில்லை. தறி நல்லா ஓடுதா என்று கேட்டால் "ஏதோ ஓடுதுங்" என்பதுதான் மரியாதையான பதில். நான் கூலிக்குக் காடா நெய்கிறவன். பீஸைக் கொண்டுபோய்ப் போட்டால், மடிப்பைப் பிரித்துப் பார்க்கிறவர் இழை அறுந்த இடம், ஊடை விட்ட இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் சாக்பீஸில் சுழிப்பார். அதற்கெல்லாம் கூலியில் பிடித்தம். குறையில்லாமல் ஓடிய மீட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. இந்த வீட்டில் வளர்ந்த பையனிடம் அமெரிக்கா கேட்டது இதுதான்: நீ அசாதாரணத் திறமைசாலி என்று நீயே எழுதி, நீயே நிரூபி.

பையன் டெக்சாஸில் விஞ்ஞானி. சாயத்தண்ணீரை வடிகட்டும் சவ்வு அவன் ஆராய்ச்சி. நொய்யல் ஆறு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நிறத்தில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே தலையில் கை வைத்தது. இவன் அதையே படிப்பாக எடுத்துக்கொண்டான்.

கிரீன் கார்டுக்கு வழக்கமான வழியில் போனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் வரிசை. 1990-இல் போட்ட சட்டத்தில் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். ஈபி-1ஏ என்று பெயர். கம்பெனி சிபாரிசு வேண்டாம், பட்டம்கூட வேண்டாம். நோபல் மாதிரி ஒரே ஒரு பெரிய பரிசு காட்டினால் போதும். அது இல்லாதவர்களுக்குப் பத்துத் தகுதி. அதில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

எங்கள் ஜோசியரும் பத்துப் பொருத்தம்தான் பார்க்கிறார். மூன்று போதும் என்று அவர் சொல்லியிருந்தால் இந்த ஊரில் கல்யாணமாகாத பையனே இருக்கமாட்டான்.

போனில் ஒவ்வொன்றாகப் படித்தான். "உங்களப் பத்திப் பத்திரிகைல வந்திருக்கணும்ங்ப்பா."

அவன் அம்மா உள்ளே ஓடி, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது வந்த செய்தியை எடுத்து வந்தாள். லேமினேட் போட்டு வைத்திருக்கிறாள். எட்டுப் பையன்கள் நிற்கும் படத்தில் இவன் காது மட்டும் தெரியும்.

"இது ஆகாதுங்ம்மா."

"ஏஞ்சாமி, காது உன்றதுதான?"

என் மச்சான் ஒரு யோசனை சொன்னார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் 'அகில உலக விஞ்ஞானியே' என்று பிளெக்ஸ் வைத்து, அதைப் படம் பிடித்து அனுப்பிவிடலாம். கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள் முகம். அவர் முகம் கொஞ்சம் பெரிதாக.

மற்றவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்பது ஒரு தகுதி. செய்திருக்கிறான். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். சும்மாதானாம். கூலி உயர்வுக்குத் தறியை நிறுத்திப் போராடுகிற ஊரில் பிறந்து இப்படி ஒரு பையன்! நல்ல சம்பளம் வாங்குவதும் ஒரு தகுதி. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சிபாரிசுக் கடிதம் தனி. கூட வேலை பார்த்தவர்கள் எழுதுவதைவிட, இவன் முகத்தையே பார்க்காத பேராசிரியர்கள் எழுதினால்தான் கனமாம். முன்பின் தெரியாதவன் நம்மைப் புகழ்ந்தால் மடியில் இருக்கும் பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

மூன்றைக் காட்டியும் முடியவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து வைத்து, துறையின் உச்சாணிக் கொம்பில் இருக்கும் சிலரில் இவனும் ஒருவன்தானா என்று இன்னொரு தரம் பார்க்கிறார்கள். கஸாரியன் என்ற இயற்பியல்காரர் போட்ட வழக்கில் 2010-இல் வந்த தீர்ப்பிலிருந்து இந்த நடைமுறை வந்தது. வழக்குப் போட்டவர் தோற்றார். மற்றவர்களுக்கு ஒரு பரிசோதனை கூடியது.

பையன் 2,800 டாலருக்கு மேல் தனியாகக் கட்டியதால் பதினைந்து வேலை நாளில் பதில் வந்தது. அசாதாரணத் திறமைசாலிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அவன் அம்மா மாகாளியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

பொங்கல் ஆறுவதற்குள் போன் வந்தது. "வரிசைல நிக்கோணும்ங்ப்பா. சில வருசமாகும்."

வருஷா வருஷம் கொடுக்கிற கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. 140 கோடிப் பேர் இருக்கிற இந்தியாவுக்கும் அதே 7, சுமார் 4 லட்சம் பேர் இருக்கிற ஐஸ்லாந்துக்கும் அதே 7. மற்ற நாட்டுக்காரர்கள் விட்ட மிச்சம் மீதி வந்தால் உண்டு. திறமையைக் கட்டுக் கட்டாகக் காகிதம் வைத்து எடை போட்டுவிட்டு, கடைசியில் எங்கே பிறந்தாய் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை எங்கள் நாட்டில் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவோம். அவ்வளவு காகிதச் செலவு இல்லை.

விஞ்ஞானி சந்திரசேகர் 1937-இல் அமெரிக்கா போனவர். நோபல் வந்தது 1983-இல், 73 வயதில். அந்த ஒரே பரிசு வழியை நம்பியிருந்தால் கிழவராகித்தான் கார்டு வாங்கியிருப்பார். ஆனால் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையானாலும் அவர் பிறந்தது லாகூரில். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். இன்றைய கணக்கில் லாகூர் பாகிஸ்தான், இந்திய வரிசையே அவருக்குக் கிடையாது. அப்பன் என்றால் அப்படி மாற்றலாகிற வேலையில் இருக்க வேண்டும். நான் தறியைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெண்டாட்டி வேறு நாட்டில் பிறந்தவளாக இருந்தால் அவள் நாட்டு வரிசையிலும் நிற்கலாமாம். இதைக் கேட்டதும் அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வை! அவிநாசிக்கு அந்தப் பக்கம் பெண்ணே பார்க்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் காகிதமும் காட்டாமல் அமெரிக்கப் பிரஜை ஆனது பேத்திதான். அங்கேயே பிறந்தவள். நாலு வயசு. ஒரு கட்டுரை எழுதியதில்லை, முகம் தெரியாத ஒருவரும் அவளைப் புகழ்ந்து கடிதம் போட்டதில்லை. இருபத்தொரு வயசானால் அப்பா அம்மாவுக்கு அவளே விண்ணப்பம் போடலாம்; அதற்கு நாட்டு வரம்பும் கிடையாது.

போன வாரம் அவள் எதற்கோ அழுதாளென்று பையன் அதட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா போனைப் பிடுங்கினாள்.

"கண்ணு, பாப்பாவ வையாத. நாளைக்கு நீ அவகிட்டத்தான் கையெழுத்துக்கு நிக்கோணும்."