சாரலில் தும்மும் கார்

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. மாதாமாதம் மெக்கானிக்குக்கு மொய் எழுதுகிறேன். விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: ஜூனில் சாரல் பிடித்ததும் குற்றாலம் ரோட்டில் வண்டி தும்மி நிற்குமே, அதற்கெல்லாம் கலங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும், துடைத்தால் கிளம்பிவிடும். உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டாலும் அதே இன்ஜின் ஆம்னி வேனிலும் ஓடியதால் சாமானுக்கும் பஞ்சமில்லை.

துருதான் எமன். ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். கீழே தார் ரோடு தெரிந்தால், பழைய குற்றாலம் போகாமலே கால் நனையும்! அந்த ஓட்டைக்கு வெல்டிங் வைக்க ஆரம்பித்தால் முடிவே கிடையாது. ஓட்டை இல்லையென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், இருபது வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. (கிழவனுக்குப் பென்ஷன் கொடுக்கிற அரசாங்கம், கிழட்டுக் காரிடம் வசூல் பண்ணுகிறது!)

ஒரு வருஷத்து ரிப்பேர் பில்லைக் கூட்டுங்கள். வண்டி விலையைத் தாண்டினால் விற்றுவிடுங்கள். அதையும் பங்குனி வெயிலிலேயே முடித்துவிடுங்கள். சாரலில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று வருகிற ஆளிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.